செய்முறை வகுப்புக்குப் போகும் ஆய்வு மாணவரின் பை

ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கை முடிந்து வகுப்புகள் தொடங்கும் வாரத்தில், முனைவர் பட்ட ஆய்வுக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களில் யாராவது ஒருவர் என்னிடம் வந்து, “அக்கா, பிராக்டிகல் எடுக்கச் சொல்லியிருக்காங்க, என்னென்ன வாங்கி வச்சுக்கணும்?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நான் நீலகிரியில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் ஆய்வு செய்தவள். ஆய்வுக் காலம் முழுவதும் இளநிலை மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுத்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு வராந்தாவில் நின்றபடி இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பியது போதாது என்று பலமுறை தோன்றியதால், இம்முறை விரிவாக எழுதி வைக்கிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகள், ஆய்வு மாணவருக்கு வாரத்தில் 4 முதல் 6 மணி நேரம் வரை பயிற்சி வகுப்பு, ஆய்வகச் செய்முறை, மதிப்பீடு ஆகிய பணிகளை ஒதுக்கலாம் என்கின்றன. எழுத்தில் பார்த்தால் அது சிறிய வேலை. ஆனால் நாற்பது மாணவர்கள் நிற்கும் ஆய்வகத்தில், ஒரு செய்முறை வகுப்பு நடக்கும் இரண்டு மணி நேரத்துக்கு நாம்தான் ஆசிரியர். நம் பையில் இல்லாத பொருள் ஒன்றுக்காக நாற்பது பேர் பத்து நிமிடம் காத்திருந்தால் வீணாவது அவர்களுடைய நேரம். ஆகவே என் கணக்கில் வாங்கும் வரிசை ஒன்று உண்டு. மாணவர்களுடைய உழைப்பையும் உடம்பையும் காக்கும் பொருள்களை முதலில் வாங்க வேண்டும். நம் வசதிக்கானவற்றைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் லேசர் பாயின்டரில் தொடங்குகிறார்கள்.

இந்த வரிசையை நான் கற்றுக்கொண்டது 2019 ஆகஸ்டில். அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டிய அந்த மழை வலுக்கத் தொடங்கியிருந்த நேரம். உள்மதிப்பீட்டுத் தேர்வின் 42 விடைத்தாள்களைத் திருத்துவதற்காக ஜோல்னாப் பையில் போட்டுக்கொண்டு கோத்தகிரிப் பேருந்தில் ஏறினேன். வழியில் கற்பூர மரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்ததால், எல்லோரும் இறங்கி மரத்தைச் சுற்றி நடந்து, அந்தப் பக்கம் நின்ற வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்தது. நடந்தது பத்து நிமிடம்கூட இராது. வீட்டுக்கு வந்து பையைத் திறந்தபோது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மெதுவாகப் பிரித்து அடுப்பங்கரைக் கொடியில் தொங்கவிட்டேன். பந்துமுனைப் பேனாவில் எழுதியவர்களின் விடைகள் படிக்கும்படி இருந்தன. பென்சிலில் வரைந்த படங்கள் அப்படியே இருந்தன. ஜெல் பேனாவில் எழுதியிருந்த பதினோரு பேரின் விடைகளோ நீல மேகமாகப் பரவிக் கிடந்தன.

அந்தப் பதினோரு பேருக்கும் மறுதேர்வு வைத்தோம். அவர்களில் கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லைன் வீட்டிலிருந்து வரும் ஒரு பெண், முதல் தேர்வை மிக நன்றாக எழுதியிருந்தாள். கண்காணிப்பில் நின்ற நானே அவள் தோளுக்கு மேலாக அந்தத் தண்டுக் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்து மகிழ்ந்தவள். மறுதேர்வு நாளில் அவளுக்குக் காய்ச்சல். நாலு மதிப்பெண் குறைந்தது. “பரவாயில்ல மேம்” என்று அவள் சொன்னாள். எனக்கு அது பரவாயில்லாத விஷயமாகவே இன்றுவரை இருக்கிறது.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது, விடைத்தாள்களும் ரெக்கார்டு நோட்டுகளும் தட்டையாக நுழையக்கூடிய, வாய்மூடியில் ஜிப் வைத்த கெட்டியான கோப்புறை ஒன்று. பொத்தான் வைத்த மெல்லிய உறைகள் போதாது. மூலைகளின் வழியாகத் தண்ணீர் ஏறிவிடும். அந்தக் கோப்புறையை அப்படியே உள்ளே போடும்படி, மழைஉறை உள்ள முதுகுப்பை ஒன்றும் தேவை. துணிப்பை மலைக்கு ஆகாது. இரண்டாவதாக, நல்ல பந்துமுனைப் பேனாக்கள் ஒரு பெட்டி. பந்துமுனைப் பேனாவின் மை எண்ணெய் சார்ந்தது. மலிவான ஜெல் பேனாக்களின் மை பெரும்பாலும் நீர் சார்ந்தது. கடையில் வாங்கும்போதே ஒரு வரி எழுதி, ஒரு நிமிடம் உலரவிட்டு, விரல்நுனியில் தண்ணீர் தொட்டுத் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் இதை உதகையின் கமர்ஷியல் சாலைக் கடைகளில் பலமுறை செய்திருக்கிறேன், யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அந்தப் பெட்டியிலிருந்து தேர்வு நாளில் மாணவர்களுக்கும் பேனா கொடுங்கள். திரும்பி வராத பேனாக்களுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

அடுத்தது செய்முறை மேசைக்கான பொருள்கள். இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வகுப்பு நன்றாகப் போவதும் சிதறிப் போவதும் இங்கேதான். இலையின் குறுக்குவெட்டு எடுக்கும் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துச் சோலைகளில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் மரத்தின் இலை நல்ல தடிப்பு. அடிப்பக்கம் மென்மயிர் படர்ந்திருக்கும். அதை வெறும் விரலில் பிடித்து வெட்டினால் ஒரு புறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் வரும். அதற்குத் துணைப்பிடிப்பாகக் கேரட்தான் சிறந்தது. உதகைச் சந்தையில் அதற்குப் பஞ்சமே இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு துண்டை நறுக்கி, நடுவில் நெடுக்காக ஒரு கீறல் போட்டு, இலைத்துண்டை அதற்குள் செருகி, கேரட்டையும் இலையையும் சேர்த்து ஒரே இழுப்பில் சீவ வேண்டும். பிளேடை அழுத்தக் கூடாது, தன் பக்கமாக இழுக்க வேண்டும். பிளேடும் கேரட்டும் நனைந்தே இருக்க வேண்டும். இருபது சீவல் எடுத்து வாட்ச் கிளாஸ் என்ற குழிந்த கண்ணாடித் தட்டின் தண்ணீரில் மிதக்கவிட்டால், அவற்றில் கண்ணாடிபோலத் தெரியும் ஒன்றோ இரண்டோ கிடைக்கும். அதை மெல்லிய தூரிகையால் எடுத்து, சாஃப்ரானின் என்ற சிவப்புச் சாயத்தில் சாயமேற்றிக் கழுவி, ஸ்லைடில் கிளிசரின் துளியில் வைத்து, மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பை ஊசியால் தாங்கிச் சாய்வாக இறக்கினால் காற்றுக்குமிழ் வராது.

இந்த ஒரு வகுப்புக்கு ஆகும் பொருள்களில் துறை கொடுப்பவை நுண்ணோக்கி, சாயம், ஸ்லைடு, கவர் ஸ்லிப் ஆகியன. ஆனால் துறையின் தூரிகைகள் மயிர் உதிர்ந்தவையாகவே இருக்கும்; பூஜ்ய எண் தூரிகை ஆறு வாங்கி உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஷேவிங் பிளேடு ஒரு கட்டு எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். மழுங்கிய பிளேடுதான் விரலை அறுக்கும். கூர்மையானது சொன்னபடி கேட்கும். பயன்படுத்திய பிளேடுகளைப் போட, மூடியில் கீறல் போட்ட ஒரு தடித்த பிளாஸ்டிக் டப்பாவை மேசை ஓரத்தில் வையுங்கள். குப்பைக் கூடையில் கையை விட்டுச் சுத்தம் செய்யும் அக்காவின் விரல்களையும் நாம்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டுப்பட்டை, பஞ்சு, கிருமிநாசினி ஆகியவை ஒரு சிறு டப்பியில் உங்கள் பையிலேயே இருக்கட்டும். ஆய்வக முதலுதவிப் பெட்டியின் சாவி தேவைப்படும் நேரத்தில் யாரிடமாவது இருக்கும், அந்த யாரோ அன்றைக்கு விடுப்பில் இருப்பார்.

மலையில் குளிர் ஒரு தனிப் பாடம் நடத்துகிறது. டிசம்பர், ஜனவரியில் மாணவிகள் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு வருவார்கள். அந்தச் சால்வைகளில் பெரும்பாலானவை செயற்கை இழை. ஸ்பிரிட் விளக்கின் சுடர் பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். சால்வையைக் கழற்றச் சொன்னால் நடுங்குவார்கள். எனவே ஒரு டப்பி ஊக்கும், முடியை இறுக்கிக் கட்ட ஒரு கைப்பிடி ரப்பர் பேண்டும் வைத்திருந்து, விளக்கு ஏற்றுவதற்கு முன் ஒவ்வொருவரையும் பார்த்து, தொங்குவதையெல்லாம் பின்னுக்கு இழுத்துக் குத்திவிடுவேன். உங்களுடைய ஆய்வக மேலங்கி முழுப் பருத்தியாக இருக்கட்டும். ஸ்வெட்டருக்கு மேல் போட வேண்டியிருப்பதால் ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். சமவெளியில் தைத்துக்கொண்டு வந்த அளவான அங்கியில் ஜூலை மாதம் கையை மடக்க முடியாமல் போகும். வேர்நுனியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இளஞ்சூடாக்கும் நாள்களில் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். குளிரில் அது உடனே பனிமூட்டம் பூத்துவிடும். காற்றுத்துளை உள்ள வகையைக் கேட்டு வாங்க வேண்டும். பார்வை மறைக்கிறது என்று மாணவர்கள் அதை நெற்றிக்கு ஏற்றிவிடுவதுதான் பெரிய ஆபத்து.

எல்லோரும் தேவையில்லை என்று ஒதுக்கும் பொருள் ஒன்றை நான் வலியுறுத்திச் சொல்வேன்: சொந்தமாக ஒரு நல்ல வெப்பமானி. உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் இங்கே தண்ணீர் 92, 93 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். பாடநூலில் “கொதிநீர்க் குளியல், 100 பாகை” என்று இருக்கும். மாணவர்கள் பானை கொதிப்பதைப் பார்த்துவிட்டு அப்சர்வேஷன் நோட்டில் 100 என்றே எழுதுவார்கள். ஒருநாள் நான் வெப்பமானியைக் கொதிக்கும் தண்ணீரில் பிடித்து, முன்வரிசையில் இருந்த ஒரு பையனை வாசிக்கச் சொன்னேன். அவன் இரண்டு முறை குனிந்து பார்த்து, “மேம், இது ரிப்பேரா?” என்று கேட்டான். இல்லை, நீ இருக்கும் ஊர் உயரம் என்று சொன்னபோது, அந்த வகுப்பில் பிறந்ததுமுதல் இதே மலையில் வளர்ந்த பிள்ளைகள் முப்பது பேராவது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பிரிவில் யாரும் பார்க்காததை எழுதவில்லை. சர்க்கரையைக் கண்டறியும் பெனிடிக்ட் சோதனை போன்றவற்றில் நிறம் மாற ஏன் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதும் அவர்களுக்கு விளங்கிற்று. ஒரு சமையலறை டைமரும் இதனோடு சேர்த்து வாங்கிவிடுங்கள். கைப்பேசியில் நேரம் வைத்தால் அழைப்பு வந்து கெடுத்துவிடும்.

நுண்ணோக்கிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை நம்முடையவை அல்ல, துறையுடையவை, ஆனால் மழைக்காலத்தில் அவற்றைத் தினமும் தொடுபவர்கள் நாம்தான். ஜூனில் தொடங்கும் மழை ஓய்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், இடையில் மூடுபனி. இந்த ஈரத்தில் வில்லைகளின்மேல் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சிலந்திவலையின் நூல்போல மெல்லிய கிளைகளாகத் தெரியும். முற்றிவிட்டால் வில்லையின் மேற்பூச்சையே அரித்துவிடும். பிறகு துடைத்தும் பயனில்லை. காற்றுப்புகாத ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டு, வகுப்பு முடிந்ததும் பொருள்வில்லைகளையும் கண்ணருகு வில்லைகளையும் கழற்றி அதற்குள் வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நீல மணி ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாக மாறும். அந்த நீலத்துக்குக் காரணம் கோபால்ட் குளோரைடு. அது நச்சுத்தன்மை உள்ளது என்பதால் ஆரஞ்சு நிற வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். நிறம் மாறிய மணிகளை ஆய்வக உலர்அடுப்பில் 110, 120 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் பழைய நிறத்துக்கு வந்துவிடும். எங்கள் துறையின் பழைய அட்டெண்டர் அண்ணன், நுண்ணோக்கி அலமாரிக்குள் ஒரு சிறு குண்டு பல்பை இரவும் பகலும் எரியவிட்டிருந்தார். அந்த அலமாரியிலிருந்த கருவிகளில் பூஞ்சை நான் கண்டதில்லை.

கரும்பலகைக்கும் ஈரமே பகை. சாக்பீஸ் ஈரத்தை உறிஞ்சினால் எழுதாமல் வழுக்கும். இறுக்கமாக மூடும் தகர டப்பாவில் வைத்திருங்கள். உலர்ந்த துணி ஒன்றும் இருக்கட்டும், ஏனென்றால் காலை முதல் வகுப்பில் பலகையே வேர்த்திருக்கும். வெள்ளைப்பலகை என்றால் மார்க்கர்களைப் படுக்கை நிலையில் வைக்க வேண்டும். யாராவது அழியாத மார்க்கரால் எழுதிவிட்டால், அதன்மேலேயே வெள்ளைப்பலகை மார்க்கரால் எழுதி உடனே துடையுங்கள், போய்விடும்.

புரொஜெக்டரைப் பற்றி ஒன்று மட்டும். தமிழில் ஸ்லைடு தயாரிப்பவர்கள் பழைய எழுத்துருக்களைத் தவிர்த்து யுனிகோடில் எழுதுங்கள், எழுதிய கோப்பைப் பிடிஎஃப் ஆகவும் சேமித்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கணினியில் அழகாகத் தெரிந்த “ஒளிச்சேர்க்கை” வகுப்பறைத் திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த எழுத்துரு அங்கே நிறுவப்படாததுதான் காரணம். பழைய புரொஜெக்டருக்கு விஜிஏ, புதிய மடிக்கணினிக்கு எச்டிஎம்ஐ என்று இரண்டும் பொருந்தாமல் போவது சாதாரணம். இணைப்பான் ஒன்று பையில் இருந்தால் போதும். காற்றடித்து மரம் விழுந்தால் மின்சாரமும் போகும். எனவே முக்கியமான படங்களின் அச்சுப்பிரதி ஒன்று கையில் இருக்க வேண்டும். மற்றபடி தொழில்நுட்பத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

தகரக் கூரைக் கட்டடத்தில் மழை பெய்தால் பின்வரிசைக்கு நம் குரல் போகாது. கத்திக் கத்தி மூன்றாம் வாரத்தில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இடுப்பில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கிகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. வாங்குங்கள், அது ஆடம்பரம் அல்ல. வெந்நீர் வைக்க எஃகு குடுவை வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பவும் முடியாது.

இனி, பொருள்களிலேயே மலிவானதும் எனக்கு மிகவும் உதவியதுமான வருகைப் பதிவேட்டைப் பற்றி. துறை கொடுக்கும் பதிவேட்டில் வந்தார், வரவில்லை என்ற இரண்டு குறிகள்தான் உண்டு. நான் இருநூறு பக்கக் கட்டுநோட்டு ஒன்றில், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வந்த நேரத்தையும் தாமதத்துக்கான காரணத்தையும் எழுத ஒரு கட்டம் போட்டேன். கூடலூரிலிருந்து நடுவட்டம் வழியாக ஏறிவரும் பேருந்து, மூடுபனி நாளில் எத்தனை மணிக்கு வரும் என்பதை ஓட்டுநரும் சொல்ல முடியாது. மஞ்சூர்ப் பக்கமும் அப்படித்தான். பருவத்தின் இறுதியில் வருகைக் குறைவு என்று ஒரு மாணவரின் பெயர் பட்டியலில் வந்தபோது, அந்த நோட்டைத் துறைத்தலைவர் முன் விரித்துவைத்தேன். பதினான்கு தாமதங்களில் பன்னிரண்டு ஒரே பேருந்தால் வந்தவை என்பதை அவர் தம் கண்ணால் பார்த்தார். ஆய்வு மாணவரின் வாய்ச்சொல்லுக்குத் துறையில் கனம் குறைவு. தேதியும் நேரமும் எழுதிய நோட்டுக்கு அந்தக் குறை இல்லை. அதே காரணத்துக்காகத் தேதி முத்திரை ஒன்றும் மைப்பெட்டியும் வாங்கினேன். ரெக்கார்டு நோட்டு என் மேசைக்கு வந்த நாளிலேயே முத்திரை விழுந்துவிடும். நான் திருத்தத் தாமதித்தால் அது என் தாமதமாகவே பதிவாகும், மாணவருடையதாக ஆகாது. மதிப்பெண்ணை முதலில் பென்சிலில் போட்டு, எல்லா நோட்டுகளையும் ஒரு சுற்றுப் பார்த்த பிறகே பேனாவில் உறுதிசெய்யுங்கள். முதல் ஐந்து பேருக்கு நாம் கொஞ்சம் கடுமையாக இருந்திருப்போம்.

செலவைப் பற்றியும் நேர்மையாகச் சொல்கிறேன். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. அது பெறுபவர்களுக்கு மேலே சொன்னவை சுமையல்ல. உதவித்தொகை இல்லாமல் ஆய்வு செய்பவர்கள் நம் கல்லூரிகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கோப்புறை, பேனா, நோட்டு, ஊக்கு, முதலுதவி டப்பி ஆகிய ஐந்தை மட்டும் சொந்தக் காசில் வாங்கினால் போதும். தூரிகை, பிளேடு, சிலிக்கா ஜெல், பாதுகாப்புக் கண்ணாடி, வெப்பமானி முதலியவை துறை வாங்கித்தர வேண்டியவை. பருவம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே, அளவும் எண்ணிக்கையும் குறிப்பிட்டுத் தேவைப்பட்டியலை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் கேட்டது ஆகஸ்டில் யாருக்கும் நினைவிருக்காது. வந்த பொருளை இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட்டே எடுங்கள், உடைந்தால் அதையும் அன்றே எழுதுங்கள்.

இவை அனைத்தையும் தினமும் சுமக்கத் தேவையில்லை. தாள்களும் பேனாவும் நோட்டும் முதலுதவி டப்பியும் பையில் வரட்டும். மற்றவற்றுக்கு ஆய்வகத்தில் ஓர் இழுப்பறையைக் கேட்டு வாங்கி, சொந்தப் பூட்டுப் போட்டு, மாற்றுச்சாவியை அட்டெண்டரிடம் கொடுத்துவையுங்கள். என் இழுப்பறையின் பின்மூலையில் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை இருந்தது. நனைந்த காலோடு இரண்டு மணி நேரம் சிமென்ட் தரையில் நிற்கும் பிள்ளைக்கு நுண்ணோக்கியில் எதுவும் தெரியாது. கேட்டு வாங்க அவர்கள் கூச்சப்படுவார்கள் என்பதால், மழைநாளில் இழுப்பறையைத் திறந்தே வைத்துவிடுவேன்.